வீட்டுக்காரர் சட்டை

நான் தைத்ததில் அதிகம் விலைபோனது ஒரு சட்டை. பெண்களுக்கான முழுக்கைச் சட்டை, கைத்தறித் துணி, முன்பக்கம் நெடுக மெல்லிசாக ஒரு கறுப்புக் கரை. கோயம்புத்தூர் கண்காட்சி ஒன்றில் அதை மாட்டி வைத்திருந்தபோது தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த ஐடியா எங்கிருந்துங்க புடிச்சீங்க?" ஜப்பான், லண்டன் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்க்கிறார்கள் போல. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் பிடித்தேன் என்றால் சிரித்துவிட்டு விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா இது. கேரளம்தான். ஆனால் கேரளம் என்றதும் நினைவுக்கு வருகிற அந்தப் பச்சையை இங்கே தேடாதீர்கள். மழை குறைவு. பனைமரம், தென்னந்தோப்பு, கடலைக்காடு, தக்காளிக் காடு. கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம்தான் வர வேண்டும். அந்தக் கரிசலில் ஒரு காலத்தில் பருத்திகூடப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் கொங்குத் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் இரண்டுமே உண்டு. துணி எடுக்கப் பெரும்பாலும் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் போவோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை, மூட்டையோடு திரும்பினால் செக்போஸ்டில் பில் கேட்பார்கள். இப்போது பஸ் நிற்காமல் போய்விடுகிறது, தூங்கிக்கொண்டே எல்லையைத் தாண்டலாம்.

காலை எட்டு மணிக்கு அந்த ரோட்டோரம் நின்று பாருங்கள். கடலை பறிக்கவும் தக்காளி பறிக்கவும் நூறு நாள் வேலைக்கும் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் போவார்கள். கையில் தூக்குப்போசி, தலையில் துண்டு. சேலையோ நைட்டியோ, அதன்மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று. வெயில் ஒரு காரணம். சோளத்தட்டின் சொணை இன்னொன்று. வெறுங்கையோடு அதற்குள் போய்வந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி தூங்க முடியாது. குனியும்போது மாராப்பு சரியாமல் இருக்கவும் சட்டை வேண்டும். போனும் வெத்தலையும் வைக்கப் பை வேண்டும், சேலையில் பை ஏது? இத்தனைக்கும் ஒரே சட்டை. எந்த டிசைனரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நானும் அந்தச் சட்டையைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி என்கிற கண்ணோடு பார்க்க ஆரம்பித்தது, அவை கிழிந்து என் மேஜைக்கு வந்த பிறகு.

என் கடைக்கு இரண்டு முகம் உண்டு. முன்னால் கண்ணாடி அலமாரியில் என் சொந்த டிசைன்கள் தொங்கும். பின்னால் ஒரு பழைய கால்மிதி மெஷின், அதில் ஆல்டரேஷன். வாடகை கட்டுவது பின்னால் இருக்கிற மெஷின். ஜாக்கெட் பிரிக்க, பேண்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, பள்ளிக்கூட யூனிபார்ம் இடுப்பு விட. நேரம் இருந்தால்தான் சொந்தத் தையல். இப்படிச் சொன்னால் பாவம் என்பதுபோல் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஒரு உடை எங்கே இறுக்குகிறது, எங்கே நைந்துபோகிறது, எதற்காக மூலையில் போடப்படுகிறது என்பதெல்லாம் ஆல்டரேஷன் மேஜையில்தான் தெரியும். புதுத்துணி வாய் திறக்காது. எங்கள் பக்கத்து அம்மாக்கள் ஜாக்கெட் அளவு கொடுக்கும்போதே "உள்ள ரெண்டு தையலு விட்டு வெய்யி கண்ணு" என்பார்கள். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். பத்து வருஷத்து உடம்பை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சேர்த்துத் தைக்கச் சொல்கிறார்கள். ரெடிமேட் கம்பெனிகள் துணி மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பது இந்த உள்துணியில்தான்.

காட்டுவேலைச் சட்டைகளை யாரும் காசு கொடுத்துத் தைக்க மாட்டார்கள். "சும்மா ஒரு ஓட்டு ஓட்டிக் குடு" என்று வேறொரு துணியோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படி வந்தவற்றை ஒரு சமயம் தரையில் வரிசையாக விரித்துப் போட்டுப் பார்த்தேன். கிழிசல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. முதுகில், தோள்பட்டியும் உடம்புத் துணியும் சேரும் தையலில், வலது கைக்கு நேராக. குனிந்து கையை நீட்டிப் பிடுங்கும்போது அந்த இடம்தான் இழுபடுகிறது. அடுத்து அக்குள், வியர்வையில் துணி மஞ்சளாகி, விரலால் குத்தினாலே போய்விடும் நிலைமை. காலர் பின்பக்கம் மட்டும் வெளுத்திருந்தது, வெயிலுக்குத் தூக்கிவிட்டே போட்டிருக்கிறார்கள். கீழ்ப் பட்டன் ஒன்றிலும் இல்லை. கைப்பட்டியில் பட்டன் இருந்தும் காஜா புதுசு கணக்காக இருந்தது, ஒருநாளும் போட்டதில்லை. நெஞ்சுப்பை ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிருந்தது, போன் கனத்தில்.

இதற்குமேல் ஐடியா எங்கிருந்து வர வேண்டும்? என் சட்டையின் வரைபடம் அந்தத் தரையில் கிடந்தது.

அக்குளில் வட்டமாக வெட்டுவதை விட்டுவிட்டேன். அந்தக் காலத்து ஜிப்பாவில் வைப்பார்களே, சதுரத்துண்டு, அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். கையைத் தூக்கினால் அந்தச் சதுரம் விரிந்து கொடுக்கும், தையலுக்கு இழுப்பு போகாது. முதுகில் தோள்பட்டிக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ப்ளீட். காலருக்குள் வைக்கிற கேன்வாஸை எடுத்துவிட்டு, அதே துணியை இரண்டாக மடித்துக் கொஞ்சம் உயரமாக வைத்தேன். தூக்கிவிட்டால் நிற்கும், கழுத்தை அறுக்காது. பையை நெஞ்சிலிருந்து இறக்கி இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் வைத்தேன்.

துணிக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் துணி எடுப்பது பெரும்பாலும் குத்தாம்புள்ளியில். திருவில்வாமலைப் பக்கம், காயத்ரிப் புழை ஓரத்து நெசவு ஊர். அந்தப் புழை புறப்படுவது எங்கள் கொல்லங்கோட்டு மலைப்பக்கத்திலிருந்து. தண்ணீர் போகிற திசையிலேயே நானும் பஸ் மாறி மாறிப் போகிறேன். அங்கே நெய்கிற தேவாங்கர்கள் மைசூர்ப் பக்கத்திலிருந்து கொச்சி ராஜா குடும்பத்துக்கு நெய்ய வந்தவர்கள் என்பார்கள். இன்றும் வீட்டுக்குள் கன்னடம் கலந்த ஒரு பேச்சு. தெற்கே பாலராமபுரத்தில் இதே கதை வேறு மாதிரி: திருவிதாங்கூர் ராஜா பாலராமவர்மா காலத்தில், 1800ஐ ஒட்டிய வருஷங்களில், தமிழ் பேசுகிற சாலியர்களைக் கொண்டுவந்து குடியேற்றியிருக்கிறார்கள். ஜரிகைக் கரை போட்டு, கேரளக் கசவு என்று உலகம் முழுக்கப் போகிற துணியைப் பெரும்பாலும் நெய்தது வெளியிலிருந்து வந்தவர்களின் கை. எல்லையில் உட்கார்ந்து தைக்கிற எனக்கு இதைக் கேட்டதில் ஒரு சின்ன சந்தோஷம்.

நான் வாங்குவது கசவு இல்லை. கசவு சட்டைக்கு ஆகாது, கழுத்தில் உரசும், காட்டுக்கும் ஆபீசுக்கும் போட்டுத் துவைத்தால் தாங்காது. புளியிலைக்கரை என்கிற மெல்லிய கறுப்புக் கரை வைத்த எட்டு முழ வேட்டி, அதுவும் ஊடையில், அதாவது குறுக்கு நூலில், ஓர் இழை விட்டுப்போய், வேட்டியாக விற்க முடியாமல் ஒதுக்கி வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டிக்கொள்வேன், இல்லாவிட்டால் பை வைத்து மூடுவேன்.

வேட்டியின் அகலம் ஒன்றே கால் மீட்டர், ஏறக்குறைய ஐம்பது இஞ்ச். இந்த அகலத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று புரியும். தொளதொள என்று ஒரு சட்டைக்கு உடம்பு சுற்றளவு ஏறக்குறைய அதேதான். அப்படியென்றால் துணியைக் குறுக்கே வெட்டி, உடம்பைச் சுற்றி ஒரே துண்டாகப் போர்த்திவிடலாம். வேட்டியின் இரண்டு கரையும் நெஞ்சுக்கு நடுவில் வந்து சேரும். பக்கத் தையலே வேண்டாம். முன்பக்கம் மடித்துப் பட்டி தைக்கவும் வேண்டாம், தறியிலேயே முடிந்துவந்த ஓரம் அது, நூல் பிரியாது. உள்ளே காஜாவுக்குப் பிடிமானமாக ஒரு சின்னப் பட்டி மட்டும். அடுத்த துண்டில் இரண்டு கைகளும்: கரை மணிக்கட்டில் வருகிற மாதிரி இந்த ஓரத்திலிருந்து ஒன்று, அந்த ஓரத்திலிருந்து ஒன்று. மிச்சத்தில் காலர், தோள்பட்டி, பை, அக்குள் சதுரங்கள். நிதானமாக அடுக்கினால் ஒரு வேட்டியில் இரண்டு சட்டை வரும், தரையில் விழுகிற துண்டு ஒரு கைக்குள் அடங்கும். உடம்பு வாகு பெரிதாக இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் நீளத்துண்டு ஒட்டுவேன்.

கரை ஏன் நெஞ்சு நடுவில் வருகிறது, எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறீர்கள் என்பார்கள். அழகை நான் யோசிக்கவில்லை. தறியின் அகலம் தீர்மானித்தது அது.

வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டாக வேண்டும். பாவுக்கு, அதாவது நீளவாக்கு நூலுக்கு, அரிசிக்கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள், அது போனால்தான் துணியின் நிஜமான கனம் தெரியும். மீட்டருக்கு இரண்டு விரல் சுருங்கும். சுருங்கி முடித்த துணியைத்தான் நான் அளப்பேன். காயப்போடுவதில் எங்கள் ஊர்க் காற்றோடு ஒரு சண்டை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வாயிலேயே இருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழியில் கிழக்கிலிருந்து திருப்பி அடிக்கும். கொடியில் போட்ட வேட்டி எதிர்வீட்டுத் தென்னையில் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரவுன் பேப்பரில் வரைய முடியும்.

கறுப்பு ரகம் ஒன்றும் செய்கிறேன். முழுச்சட்டையும் கறுப்பு, சாம்பல் ஓடிய கறுப்பு. அதற்கான சட்டி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய ஆணி, லாடத் துண்டு, துருப்பிடித்த இரும்பு எதுவானாலும் போட்டு, கருப்பட்டி கரைத்த தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் புளித்து நுரை கட்டும். கருப்பட்டிக்கு நாங்கள் அலைய வேண்டியதில்லை, பனங்காட்டு ஊர். நாற்றத்துக்கு மட்டும் பக்கத்துவீட்டில் திட்டு வாங்க வேண்டும். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் முக்கிக் காயவைத்தால் வெளிர்மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சளை இரும்புத்தண்ணீரில் இறக்குகிற நொடியைப் பார்க்க என் அண்ணன் மகள் ஸ்கூல் பையைக்கூட இறக்காமல் ஓடிவருவாள். கண்ணெதிரே கறுத்துக்கொண்டு போகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறுப்பு. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் மூங்கில் குச்சியில் தொட்டு இழுக்கும் கறுப்பும் இதேதான். அங்கே கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்த்துத் துணியை நனைக்கிறார்கள், கோடு பரவாமல் நிற்க.

இயற்கைச் சாயம் என்றாலே நல்லது என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு அதிகமானால் பருத்தி நாளாவட்டத்தில் மொறுமொறுத்து இற்றுவிடும். அதனால் நிறம் பிடித்ததும் பலமுறை அலசியாக வேண்டும், ஆழமான கறுப்புக்கு ஆசைப்படக் கூடாது. இன்னொன்று, இந்தக் கறுப்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் அந்த இடம் வெளுக்கும். ஊறுகாய் போடுகிற நாளில் இந்தச் சட்டையைப் போடாதீர்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லித்தான் கொடுக்கிறேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

முதல் சட்டை தைத்ததும் எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெரியம்மாவிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு வாரம் காட்டுக்குப் போட்டுப்போய்விட்டு வந்து நின்றார்.

"நல்லாத்தான் இருக்குது. குனிஞ்சா வயித்துக்கிட்ட இழுக்குது பாரு. கீழ எதுக்கு இத்தனை பட்டன்? எவ போடுவா?"

"வேற?"

"கைய சுருட்டிவிட முடியல. இந்தப் பட்டிய எடுத்துப்போடு. அப்புறம் பை உள்ள ஆழமா இருக்குது, போனை எடுக்கறதுக்குள்ள கூப்புடறவ வெச்சிர்றா."

அவர் சொன்னபடியே பக்கவாட்டில் இரண்டு பக்கமும் திறப்பு விட்டேன், கீழே இரண்டு பட்டனை எடுத்தேன், கைப்பட்டியை எடுத்து அகலமாகவே விட்டேன், பையை மேலேற்றினேன். ஃபேஷன் படிப்பில் இதற்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எனக்குக் கிடைத்த வகுப்பு அதுதான், ஃபீஸ் ஒரு டம்ளர் காப்பி.

விலையைக் கேட்டதும் பெரியம்மா வாயில் கை வைத்தார். ஆயிரத்து நானூற்று ஐம்பது. 2024-25இல் நூறு நாள் வேலைக்குக் கேரளத்தில் நாள்கூலி 346 ரூபாய், எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் 319. இந்தப்பக்கத்துக் கூலியில் கணக்குப் போட்டாலும் நாலு நாளைக்கு மேல் மண்வெட்டி பிடித்தால்தான் இந்தச் சட்டை. "இந்தக் காசுக்கு எங்கூட்டுக்காரருக்கு நாலு சட்டை எடுத்து, அதையும் நானே போட்டுக்குவனே" என்றார். அது நியாயம். நெய்தவருக்கு விலை, காஜாவுக்கும் கைவேலைக்கும் என் நேரம், பஸ், வாடகை என்று கூட்டிப்பார்த்தால் இதற்குக் கீழே என்னால் இறங்க முடியவில்லை என்பதும் நியாயம். இந்த இரண்டு நியாயத்தையும் சேர்த்துத் தைக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. காட்டுவேலைக்காரிகளைப் பார்த்துச் செய்த சட்டையை ஐடி கம்பெனிக்குப் போகிறவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மில் துணியில் அதே வெட்டில் தைத்து உள்ளூரில் மலிவாகக் கொடுக்கிறேன். கரை இருக்காது, மற்றபடி உழைக்கும்.

நகரத்தில் ஒரு கடை என் சட்டையை அப்படியே நகலடித்துத் தொங்கவிட்டிருக்கிறது என்று தோழி ஒருத்தி போட்டோ அனுப்பினாள். அக்குளில் சதுரம்கூட வைத்திருந்தார்கள். கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடம் போய் இது என்னுடையது என்பது? வேலந்தாவளம் ரோட்டில் நடக்கிற அத்தனை பேரும் என்னிடம் வந்து அதையே சொல்லலாம். போட்டோவை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத் திறப்பு விடவில்லை. குனிந்தால் இழுக்கும்.

வருஷம் முழுக்க இப்படி ஒரே சட்டையைப் பற்றி யோசிக்க முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். எல்லையில் இருப்பவளுக்குப் பண்டிகை இரட்டிப்பு. ஜூனில் பள்ளி திறந்தால் யூனிபார்ம். 2017இலிருந்து கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறித் துணி கொடுக்கிறது, தைப்பது மட்டும் நம் பொறுப்பு. அது முடியும் முன்பே ஓணத்துக்கு செட் முண்டு ஜாக்கெட். மூச்சுவிடுவதற்குள் தீபாவளி. டிசம்பரில் கிறிஸ்துமஸ், நடுவே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன். எங்கள் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை. கொங்குநாட்டு ராஜா படையெடுத்து வந்து பகவதியிடம் தோற்றுப்போன கதையை வருஷாவருஷம் நடத்திக் காட்டுவார்கள். கொங்குத் தமிழ் பேசுகிற நாங்கள் குடும்பத்தோடு போய், கொங்கன் தோற்பதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். அதற்கும் எனக்கு ஜாக்கெட் ஆர்டர் வரும்.

மலையாளி வீட்டுப் பெண்கள் என்னிடம் கேட்பது "தமிழ் ஜாக்கெட்" கழுத்து. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது செட் முண்டுக்கு மலையாளி மாதிரி நீளக்கை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மெஷினில், நூலை மாற்றாமல் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது மேஜையில் நைட்டி. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் பெண்கள் பகலெல்லாம் போட்டிருக்கும் உடை எது என்று நேர்மையாகச் சொல்லுங்கள் பார்ப்போம். பால் வாங்க, ரேஷன் கடைக்கு, பிள்ளையை வேன் ஏற்ற, எல்லாவற்றுக்கும் நைட்டி, மேலே ஒரு துண்டு. அந்தத் துண்டு தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு கை அதைப் பிடிக்கவே போய்விடும். துண்டை எடுத்துவிட்டு, அது செய்கிற வேலையை நைட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். முன்பக்கம் தோளிலிருந்து வயிறுவரை இரண்டடுக்காகத் துணி, மேலடுக்கு தளர்வாகத் தொங்க வேண்டும், பார்த்தால் துண்டு போட்டதுபோலவே தெரிய வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் பருத்தியில் ஒன்று வெட்டிப் பார்த்தேன், அடுக்கு கனமாகி வெயிலுக்குப் புழுங்குகிறது. மெல்லிய நூலில் பார்க்க வேண்டும். பையை எந்தப் பக்கம் வைப்பது என்று பெரியம்மாவைக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் வெய்யி. ஒண்ணு சாவிக்கு, ஒண்ணு சில்லறைக்கு. போனு கையிலயேதான இருக்குது" என்றார்.